மூன்று பெண் பல்லிகள், ஒரே பெட்டி

(நம் கிளப் ஹவுஸில் சென்ற காலாண்டில் நடந்த ஞாயிறு மாலைப் பேச்சின் எழுத்து வடிவம். பேசியவர் பி பிளாக் உறுப்பினர். இங்கிலாந்தில் ஒரு கால்நடை மருத்துவமனையில் 11 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



நோட்டீஸ் போர்டில் "செல்லப் பிராணிகள்" என்று பொதுவாகப் போட்டிருந்ததால், லிஃப்டில் நாயை ஏற்றலாமா கூடாதா என்பதற்கு இன்றைக்கு ஒரு முடிவு தெரியும் என்று சிலர் வந்திருக்கிறீர்கள். முன் வரிசையைப் பார்த்தாலே தெரிகிறது. அதைப் பொதுக்குழுவில் பேசிக்கொள்ளலாம். நான் பேசப்போவது பல்லியைப் பற்றி.

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் காரணத்தோடுதான் இதை எடுத்திருக்கிறேன். நம் 4 பிளாக்குகளிலும் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவு. மாமாவும் மாமியும் லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ போய்ச் சில மாதம் இருந்துவிட்டு வருகிறீர்கள். போன இடத்தில் பேரனோ பேத்தியோ ஒரு கண்ணாடிப் பெட்டியில் பல்லி வளர்க்கிறார்கள். மகனும் மருமகளும் ஆபீஸ் போய்விடுவார்கள், குழந்தை ஸ்கூலுக்குப் போய்விடும். பகல் முழுக்க அந்தப் பல்லியோடு வீட்டில் இருப்பது நீங்கள்தான். இந்த ஒரு வருஷத்தில் நம் குடியிருப்பிலேயே 3 வீட்டார் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். அதில் 2 வீட்டுப் பேரப்பிள்ளைகள் ஒரே பெட்டிக்குள் ஒன்றுக்கு மேல் வைத்திருக்கிறார்கள். "எல்லாமே பொம்பளைப் பல்லிதாம்மா, சண்டை போடாதுன்னு கடையிலயே சொன்னாங்களாம்." இரண்டு வீட்டு மாமிகளும் ஏறக்குறைய இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அந்த வார்த்தை சரியா என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் லெப்பர்ட் கெக்கோ. சிறுத்தைப் பல்லி என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் உடம்பு, அதில் கறுப்புப் புள்ளிகள். 1854-இல் இதை அறிவியல் உலகத்துக்கு எழுதிக் காட்டியவர் எட்வர்ட் பிளைத். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டவர். ஆக, இங்கிலாந்துக் கடைகளில் விற்கிற இந்தப் பிராணிக்குப் பூர்வீகம் நம் பக்கம்தான். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு மூலை என்று கல்லும் புல்லுமான வறண்ட நிலத்தில் வாழ்வது.

நம் சுவர்ப் பல்லிக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். இதற்கு இமை உண்டு, கண்ணை மூடித் திறக்கும். விரலில் ஒட்டுகிற பட்டை கிடையாது, வெறும் நகம்தான். அதனால் கண்ணாடியில் ஏற முடியாது. சுவரிலிருந்து தலையில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் பார்க்கிற வேலை மிச்சம். தரையில் நடக்கும், பகலில் கல்லிடுக்கில் பதுங்கும், இருட்டினால் வெளியே வரும். 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம். வளர்ந்த பெண் பல்லி பெரும்பாலும் 50 முதல் 70 கிராம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருஷம் இருக்கும். பேரன் 5-ஆம் வகுப்பில் வாங்கினால் அவன் வேலைக்குப் போன பிறகும் அது இருக்கும். வாங்கும்போது யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

வாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பல்லி வாலைப் போட்டுவிட்டு ட்யூப் லைட்டுக்குப் பின்னால் ஓடிவிடும். இதுவும் வாலைப் போடும். ஆனால் இதற்கு வால்தான் அரிசி டிரம். சாப்பிட்டதில் மிஞ்சியதைக் கொழுப்பாக வாலில் சேர்த்து வைக்கும், அதனால்தான் அது அப்படிப் பருத்திருக்கும். வால் போனால் சேமிப்பு மொத்தமும் போச்சு. மறுபடி முளைக்கும், ஆனால் மொழுக்கென்று முள்ளங்கி மாதிரி முளைக்கும். அது முளைக்கிறவரை அந்தப் பிராணி கடன்காரன்தான்.

சரி, பெண்களைச் சேர்த்து வைக்கலாம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? குஞ்சு பொரித்து விற்பவர்களிடமிருந்து. இரண்டு ஆண் பல்லிகளை ஒரு பெட்டியில் விட்டால் கடித்துக்கொள்ளும், இது எல்லோருக்கும் தெரியும். அதனால் அவர்கள் ஓர் ஆண், அதனோடு நாலைந்து பெண் என்று வைத்தார்கள். முட்டைக்காக, இடம் மிச்சம் பிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தினமும் பார்ப்பார்கள், எடை போடுவார்கள், ஒன்று ஒத்துப்போகவில்லை என்றால் எடுத்து வேறு பெட்டிக்கு மாற்ற அவர்களிடம் 50 பெட்டி இருக்கும். வாடிக்கையாளரிடம் வரும்போது இந்த 50 பெட்டி விஷயம் கழன்றுவிட்டது. "ஆண்தான் சண்டை போடும், பெண் போடாது" என்பது மட்டும் மிஞ்சிவிட்டது.

இன்னொரு வாதமும் சொல்வார்கள். காட்டில் ஒரே பாறைக்கு அடியில் இரண்டு மூன்று சேர்ந்து இருக்குமே என்று. இருக்கும், அது உண்மைதான். நம் வீட்டிலேயே பாருங்கள், ட்யூப் லைட் பக்கத்தில் பூச்சிக்காக 3 பல்லி நிற்கும். பெரியது துரத்தினால் சின்னது சுவரோடு சுவராக ஓடிச் சமையலறைக்குப் போய்விடும். கண்ணாடிப் பெட்டியில் ஓடுவதற்குச் சமையலறை கிடையாது.

இப்போது அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். நீளம் 3 அடி, அகலம் ஒன்றரை அடி. ஒரு பல்லிக்கு இது நல்ல அளவு. ஒரு கோடியில் ஹீட்டர் இருக்கும். அதற்குக் கீழே தரைச் சூடு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ். மறு கோடியில் 24, 26 என்று இருக்கும். சூடான பக்கம் ஒரு குகை, குளிர்ந்த பக்கம் ஒரு குகை, நடுவில் ஈரப்பாசி போட்ட ஒரு டப்பா. நம் உடம்புக்குள் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. பல்லிக்கு அது கிடையாது, சூட்டை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். சாப்பிட்ட புழுவும் பூச்சியும் செரிக்க வேண்டுமானால் அந்தச் சூடான கல்லில் வயிற்றை வைத்துப் படுத்தே ஆக வேண்டும். சூடு கிடைக்காத பல்லிக்கு எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. கொஞ்ச நாளில் பசியும் நின்றுவிடும்.

அந்தச் சூடான குகையின் அளவு நம் உள்ளங்கை. அதில் 3 பல்லி. ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும். குழந்தை போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடும். "அக்கா தங்கச்சிங்க கட்டிப்பிடிச்சுத் தூங்குறாங்க" என்று கீழே எழுதும். நாமும் ஹார்ட் போடுவோம்.

வர்தா புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத ராத்திரிகள் ஞாபகம் இருக்கிறதா? இன்வெர்ட்டர் இருக்கிற ஒரே அறையில், ஒரே ஃபேனுக்கு அடியில் வீடு மொத்தமும் பாய் போட்டுப் படுத்தோமே, அது பாசத்தினாலா? ஃபேன் எங்கே இருக்கிறதோ அங்கே படுத்தோம். காலை மிதித்தவனைத் திட்டிக்கொண்டே படுத்தோம். பல்லிகள் செய்வதும் அதுதான். மேலே படுத்திருப்பது கீழே இருப்பதைக் கொஞ்சவில்லை. இரண்டுக்கும் வேண்டியது ஒரே கல்.

எங்கள் மருத்துவமனைக்கு வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். 3 பெண் பல்லிகள், ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே வயசு. "சின்னது மட்டும் சாப்பிட மாட்டேங்குது, ஒரு டானிக் குடுங்க" என்பதுதான் அவர்கள் கேட்டது. தராசில் வைத்தோம். ஒன்று 72 கிராம், இன்னொன்று 58, அந்தச் சின்னது 31. வால் பென்சில் மாதிரி இருந்தது. மூன்றின் உடம்பிலும் ஒரு கடி இல்லை, ஒரு கீறல் இல்லை. வீட்டில் யாரும் சண்டையைப் பார்த்ததே இல்லை. டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரி சூடான குகையின் வாசலில் யார் உட்கார்ந்திருப்பது?" அந்தப் பெண் குழந்தை யோசிக்காமல் பதில் சொன்னது, பெரியதுதான் எப்போதும் என்று. பெரியது வாசலில் உட்காரும், புழுக் கிண்ணத்துக்கு முதலில் வரும், சின்னதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கும், வாலை மெதுவாக ஆட்டும். அவ்வளவுதான், அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஒட்டுண்ணி இருக்கிறதா என்று மலப் பரிசோதனை செய்தோம், இல்லை. சின்னதைத் தனிப் பெட்டிக்கு மாற்றச் சொன்னோம். டானிக் எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தபோது 44 கிராம்.

இந்த மாதிரிச் சத்தமில்லாமல் நடப்பதுதான் அதிகம். அதனால்தான் இதைச் சொல்வதற்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். சண்டை போட்டால் ரத்தம் தெரியும், பிரித்துவிடுவோம். ஒரு பல்லி 3 மாதமாகக் குளிர்ந்த பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலும் படாது. அதுதான் ரொம்ப சாதுவான பல்லி என்று பெயர் வாங்கியிருக்கும்.

நேரடிச் சண்டையும் உண்டு. "ஒன்றரை வருஷம் ஒத்துமையா இருந்துச்சு, நேத்து ராத்திரி என்ன ஆச்சுன்னே தெரியல" என்று காலையில் துண்டில் சுற்றி எடுத்து வருவார்கள். கழுத்தில் கடி, விரல் ஒன்றிரண்டு இல்லை, வால் பெட்டியில் தனியாகக் கிடக்கும். இது பெரும்பாலும் முட்டைக் காலத்தில் நடக்கும். ஆண் துணை இல்லாமலேயே பெண் பல்லி கருவுறாத முட்டை வைக்கும், நம் கோழி மாதிரித்தான். அந்த வாரங்களில் சாப்பாடு குறையும், எரிச்சல் கூடும், முட்டை வைக்க ஈரமான இடம் தேடித் தோண்டும். பெட்டியில் ஈரமான டப்பா ஒன்றுதான் இருக்கிறது. 3 பேருக்கும் ஒரே சமயத்தில் அது வேண்டும் என்றால் என்ன ஆகும்?

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். ஸ்கூல் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கு ஆணா பெண்ணா என்பது குரோமோசோமில் முடிவாகிறது. இந்தப் பல்லிக்கு முட்டை அடைகாக்கிற சூட்டில் முடிவாகிறது. 26 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய எல்லாமே பெண். 32.5 டிகிரி பக்கம் வைத்தால் ஆண்கள்தான் அதிகம், ஆனால் கொஞ்சம் பெண்களும் பொரிக்கும். இன்னும் ஏற்றி 34-க்குக் கொண்டுபோனால் மறுபடியும் பெரும்பாலும் பெண். அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் குரூஸ் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் இதைப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். ஆண்கள் அதிகம் பொரிக்கிற அந்தச் சூட்டில் பிறந்த பெண் பல்லிகள், 26 டிகிரியில் பிறந்த பெண்களைவிட முரட்டுத்தனம் கூடியவை என்று கண்டார்கள். ஆக, பெண் பல்லி எல்லாமே ஒரே குணம் கிடையாது. உங்கள் பேரன் வாங்கிய பல்லி எந்தச் சூட்டில் பொரித்தது என்று கடைக்காரருக்கே தெரிந்திருக்காது. "பெண் என்றால் சாது" என்பது இந்தப் பிராணியைப் பொறுத்தவரை முட்டையிலேயே பொய்யாகிவிடுகிறது. மற்ற இடங்களில் அது எவ்வளவு உண்மை என்பதை இங்கே இருக்கிற அக்காக்களிடம் விட்டுவிடுகிறேன்.

இன்னொரு சிக்கல், பெண் என்று வாங்கியது பெண்ணாகவே இருக்க வேண்டுமே! ஆணுக்குப் பின்னங்கால்களுக்கு நடுவில் தலைகீழ் வி வடிவத்தில் மெழுகுத் துளைகள் வரிசையாக இருக்கும், வால் ஆரம்பிக்கிற இடத்தில் இரண்டு புடைப்பு தெரியும். சில மாதக் குஞ்சில் இது சரியாகத் தெரியாது. "3 பெண்" என்று வாங்கி, ஆறேழு மாதத்தில் "1 ஆண், 2 பெண்" ஆகி, அதன் பிறகு வீடு நிறைய முட்டையோடு வந்தவர்களும் உண்டு.

நோய் பற்றி நீட்டாமல் சொல்கிறேன். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு குடல் ஒட்டுண்ணி இருக்கிறது. மலத்தின் வழியாகப் பரவும், சாதாரணக் கிருமிநாசினிக்கு மசியாது, பிடித்துக்கொண்டால் நம்பகமான மருந்து கிடையாது, பல்லி வாலிலிருந்து இளைத்துக்கொண்டே போகும். இந்தப் பல்லிகளுக்கு ஒரு நல்ல பழக்கம், பெட்டியின் ஒரே மூலையைக் கழிப்பறையாக வைத்துக்கொள்ளும். 3 பல்லி இருந்தால் மூன்றுக்கும் அதே மூலைதான். ஒன்றுக்கு வந்தால் மற்றவற்றுக்கும் வந்ததாகவே நினைக்க வேண்டும். யாருக்கு வயிறு சரியில்லை, யார் 10 நாளாகப் போகவே இல்லை என்பதும் தெரியாது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெண்களைச் சேர்த்து வைத்து, பல வருஷம் ஒரு பிரச்சினையும் வராத வீடுகள் இருக்கின்றன. நான் பார்த்ததெல்லாம் மருத்துவமனைக்கு வந்த பல்லிகள். நன்றாக இருந்தவை எதற்கு எங்களிடம் வரப்போகின்றன? பெரிய இடம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சூடான குகை, தனித்தனியாக இடுக்கியில் ஊட்டுவது, வாராவாரம் எடை என்று செய்கிற பொறுமைசாலிகளை எனக்குத் தெரியும். அவர்களிடமும் ஒரு கேள்வி கேட்பேன். இதில் பல்லிக்கு என்ன லாபம்? ஒரு பெட்டி மிச்சம், ஒரு ஹீட்டர் மிச்சம், பார்க்க அழகு, எல்லாம் நமக்குத்தான். தனியாக இருக்கிற பல்லிக்கு எதுவும் குறைவதில்லை. நாய் மாதிரி, கிளி மாதிரி கூட்டம் தேடுகிற பிராணி இல்லை இது. அதனால் என் கருத்து, ஒரு பெட்டிக்கு ஒன்று. பெண்ணானாலும் சரி, அக்கா தங்கையானாலும் சரி.

இங்கிலாந்தில் இதற்குச் சட்டமும் இருக்கிறது. அங்கே 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தில் 9-ஆம் பிரிவு, வளர்ப்பவர் கவனிக்க வேண்டிய தேவைகளை வரிசையாகச் சொல்கிறது. தகுந்த இடம், தகுந்த உணவு, இயல்பாக நடந்துகொள்ள வசதி, வலியும் நோயும் வராமல் காப்பது. இவற்றோடு, மற்ற விலங்குகளோடு சேர்ந்தோ அவற்றிலிருந்து பிரிந்தோ இருக்க வேண்டிய தேவையும் அதில் வருகிறது. அந்தச் சட்டப்படி 16 வயதுக்குக் கீழே இருக்கிறவருக்குப் பிராணியை விற்கவும் கூடாது. பேரனுடைய பல்லி என்று நாம் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் பொறுப்பு பெற்றோருக்கு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. விமானத்திலிருந்து இறங்கிய அன்றே "இப்படி வைக்கக் கூடாதாமே" என்று மருமகளிடம் ஆரம்பிக்காதீர்கள். பல்லி பிரச்சினை வேறு பிரச்சினையாகிவிடும். முதலில் தராசை எடுங்கள். அங்கே கேக் செய்கிற டிஜிட்டல் தராசு எல்லா வீட்டிலும் இருக்கும், கிராம் கணக்கில் காட்டும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அதற்கென்றே ஒதுக்கி, பல்லியை அதில் விட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் எடை போட்டு எழுதுங்கள். பேரனைக் கூட வைத்துக்கொண்டு செய்தால் அவனுக்கு அது விளையாட்டு. எது எது என்று தெரியத் தலைப் புள்ளிகளை போட்டோ எடுத்து வையுங்கள், ஒன்றுக்கொன்று மாறும். நாலு வாரம் எழுதினால் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று காகிதமே சொல்லிவிடும். வளர்ந்த பல்லிக்கு எடை 10 சதவீதம் குறைந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தராசு இல்லாத நாளில் வாலைப் பாருங்கள். வால் கழுத்தளவுக்காவது பருமனாக இருக்க வேண்டும். ராத்திரி 9 மணிக்கு மேல் விளக்கைக் குறைத்துவிட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். டிவி சீரியலைவிட நன்றாகவே இருக்கும். எது எப்போதும் குளிர்ந்த பக்கம், எது மற்றது வந்ததும் எழுந்து போகிறது, எதன் தோல் விரல் நுனியில் உரியாமல் நிற்கிறது என்று கவனியுங்கள்.

கடி பார்த்தாலோ எடை இறங்கினாலோ அன்றே பிரித்துவிடுங்கள், புதுப் பெட்டி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா, பக்கங்களில் காற்றுத் துளை, தரைக்கு கிச்சன் பேப்பர், பதுங்க ஓர் அட்டைப் பெட்டித் துண்டு, தண்ணீருக்கு ஜாடி மூடி. டப்பாவின் ஒரு பாதிக்கு மட்டும் அடியில் ஹீட் மேட். அதைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் மட்டும் போட்டுவிடாதீர்கள், வயிறு வெந்துவிடும். இதைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மோனெல்லா உண்டு. பல்லிக் கிண்ணத்தைச் சமையலறை சிங்க்கில் கழுவக் கூடாது. மாமிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பிரித்த பிறகு, காயம் ஆறியது என்று திரும்பச் சேர்க்க வேண்டாம். இரண்டாவது பெட்டிக்கு வசதியில்லை என்றால் நல்ல வீட்டுக்கோ மீட்பு மையத்துக்கோ கொடுத்துவிடலாம். தோட்டத்தில் விடக் கூடாது, அந்த ஊர்க் குளிரில் செத்துப்போகும்.

கடைசியாக நம் ஊர் விஷயம். இதைக் கேட்டுவிட்டு யாரும் இங்கே ஒன்று வாங்கலாம் என்று கிளம்பாதீர்கள். இதன் பங்காளிகள் மகாராஷ்டிரம், குஜராத், ஒடிசா, ஆந்திரக் கிழக்குத் தொடர்ச்சி மலை வரை காட்டில் வாழ்கின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்கள் 2022-இல் திருத்தப்பட்டுவிட்டன. பட்டியலில் இருக்கிற விலங்கைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் ஊர்வன பிடிபட்ட செய்தி நம் விமான நிலையத்திலிருந்து எத்தனை முறை வந்திருக்கிறது! "பிரச்சினை இல்லைங்க, எல்லாரும் வாங்குறாங்க" என்று விற்பவர் சொல்வது பத்திரம் ஆகாது. வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் வேண்டவே வேண்டாம் என்பேன்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.

("தனியா இருந்தா ஏங்காதா?" என்று சி பிளாக் மாமி ஒருவர் கேட்டார்.)

ஏங்காது மாமி. நீங்கள் கவனிக்க வேண்டியது பெட்டி வெறுமையாக இருக்கக் கூடாது என்பதை. கல், கட்டை, ஏறி இறங்க மேடு, தோண்ட மண் என்று போட்டு, மாதம் ஒரு தடவை இடத்தை மாற்றி வைத்தால் ராத்திரி முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். அதற்கு அது போதும்.

(இரண்டு பெட்டிகளை அருகருகே வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார்.)

வைக்கலாம் சார். இரண்டும் கண்ணாடிப் பெட்டியாக இருந்தால் நடுவில் ஓர் அட்டையைச் செருகிவிடுங்கள், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் தனித்தனி. பழைய பெட்டியில் எதை விடுவது என்று குழந்தைகள் சண்டை போடுவார்கள். இளைத்ததைப் பழைய இடத்திலேயே விட்டு, பெரியதைப் புதுப் பெட்டிக்கு அனுப்புங்கள். பழைய பெட்டியில் சூடு ஏற்கனவே சரியாக இருக்கும், இளைத்ததற்கு அதுதான் முதலில் வேண்டும்.

எடை எழுதுகிற அட்டவணை ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். நம் வாட்ஸ்அப் குரூப்பில் நாளைக் காலை அனுப்புகிறேன். பிரிண்ட் வேண்டுமென்றால் அசோசியேஷன் ஆபீஸில் கேளுங்கள்.